காலையானால் அறுபது

விஸ்வநத்தம் கம்பெனி,
10.3.2025, திங்கள்

யோகேஸ்வரிக்கு, பொன்னுத்தங்கம் எழுதுவது.

கம்பெனி பெயர் அச்சடித்த உறையைப் பார்த்தால் பிரிக்காமல் வைத்துவிடுவாய் என்று வெள்ளை உறையில் போட்டிருக்கிறேன். நாலு வருஷமாக நீ இந்தப் பக்கம் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. ஆவணியில் உன் அண்ணனுக்குக் கைகால் இழுத்துக்கொண்டபோது மதுரை ஆஸ்பத்திரியில் அவரை எட்டிப் பார்த்தாய், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாய். அதைக் கேட்க எழுதவில்லை. வலது கையும் பேச்சும் அவருக்கு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ஆகவே ஆபீசில் நான் உட்காருகிறேன்.

விஷயம் இதுதான். பட்டாசு மருந்து கலக்கும் அறையில் சூடு முப்பத்தாறு டிகிரியைத் தாண்டினால் சங்கு ஊதும்படி ஒரு பெட்டி வைத்தாரே உன் அண்ணன், அது இப்போது ஊதுவதில்லை. போன மாதம் ஆபீஸ் கம்ப்யூட்டர் கெட்டுப்போய்ப் புதுசு வாங்கினோம். பழையதில் அந்தப் பெட்டிக்கென்று படம் படமாக வரும் புரோகிராம் ஒன்று இருந்தது. புதுசில் அது திறக்கவில்லை. பெட்டியை விற்ற கோயம்புத்தூர் ஆள் கடையையே மூடிவிட்டானாம்.

வியாழக்கிழமை பகலில் குருவம்மாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். இருபது வருஷமாகக் கலப்பில் இருக்கிறவள், லேசில் வாய் திறக்க மாட்டாள். "செவத்து மீட்டர்ல முப்பத்தொம்பது காட்டுதும்மா, சங்கு ஊமையா இருக்கு. எங்களுக்கு ஊதாம யாருக்கு ஊதப்போகுது?" என்றாள். அந்த நிமிஷமே கலப்பை நிறுத்தினேன். உள்ளே நாலு பேர் இருக்கிறார்கள் யோகேஸ்வரி. சங்கை நம்பித்தான் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் பார்க்கிற பாலகுரு, புரோகிராம் இல்லாமலும் பெட்டியோடு பேசலாம், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளையாக அடிக்க வேண்டும் என்கிறான். என்ன கட்டளை என்று அவனுக்குத் தெரியவில்லை. நீ கல்லூரியில் இதைத்தானே சொல்லிக்கொடுக்கிறாய். என்ன அடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடு, நான் அடிக்கிறேன். உன் மதினி டைப்பில் ஹையர் பாஸ் பண்ணியவள். மறந்திருக்க மாட்டாய்.

போனில் கேட்டால் பேச்சு எங்கெங்கோ போகும். கம்பெனிக்குள் போனும் கிடையாது, என் போனையும் சேர்த்து வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வேன் ஓட்டுகிற வேலுச்சாமிக்கு வீடு விருதுநகர்தான். பதிலை அவனிடம் கொடு.

பொன்னுத்தங்கம்


விருதுநகர்,
12.3.2025

மதினிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் என்னிடம் கேட்டது, பெட்டி சரியாக வேலை செய்கிறது என்று ஒரு தாளில் கையெழுத்து. பார்க்காமல் போட மாட்டேன் என்றேன். சொந்தத் தங்கச்சிக்கு என் வார்த்தை போதாதா என்று நாலு பேர் முன்னால் கேட்டார். போதாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான்.

இனிப் பெட்டி. கலப்பை நிறுத்தியது சரி. நான் சொல்லும்வரை தொடங்க வேண்டாம்.

அடிக்க வேண்டியவற்றைத் தனித்தாளில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் வரிசையாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எதற்கு என்று தமிழில் இருக்கிறது. 'ஷோ' என்று தொடங்குவது பெட்டியிடம் கேட்பது. 'செட்' என்று தொடங்குவது பெட்டிக்குச் சொல்வது. இடைவெளி விட்டிருக்கும் இடத்தில் இடைவெளி விடுங்கள். ஒரு புள்ளி கூடினாலும் பெட்டி ஏற்காது. ஏற்காவிட்டால் பயப்பட வேண்டாம், திருப்பி அடிக்கலாம்.

முதலில் 'ஷோ' கொடுங்கள். வரம்பு என்ன என்று காட்டும். முப்பத்தாறு இருக்காது என்று நினைக்கிறேன். பிறகு 'செட்' கொடுத்து வரம்பை இருபத்தைந்தாக வையுங்கள். இந்த வெயிலில் அறை எப்படியும் அதற்கு மேல்தான் இருக்கும், சங்கு ஊத வேண்டும். ஊதினால் கம்பி, சங்கு எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன என்று அர்த்தம். அதன்பின் முப்பத்தாறு ஆக்குங்கள், நிற்கும். அறை காலியாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

பெட்டி என்ன பதில் காட்டியது என்று எழுதுங்கள். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் எனக்கு அது போதாது.

யோகேஸ்வரி


விஸ்வநத்தம்,
14.3.2025, வெள்ளி, மாலை ஐந்து மணி

யோகேஸ்வரிக்கு,

நீ எழுதியபடி ஒரு எழுத்துக் கூடாமல் ஒரு எழுத்துக் குறையாமல் அடித்தேன். 'ஷோ' கொடுத்ததும் வரம்பு 60 என்று வந்தது. அறுபது டிகிரியில் யார் உயிரோடு இருப்பது? இருபத்தைந்து என்று அடித்து விரலை எடுக்கவில்லை, சங்கு அலறிவிட்டது.

அறை காலியாக இருக்க வேண்டும் என்றாய், காலியாக வைத்தேன். மற்ற அறைகளில் இருக்கிற பெண்களிடம் சொல்ல மறந்துபோனேன். நாற்பது பேரும் போட்டது போட்டபடி கேட்டுக்கு ஓடிவிட்டார்கள், முன்னால் ஓடியது குருவம்மாள். விஷயம் தெரிந்ததும், "ஊதாட்டியும் எங்க உசுரு போகுது, ஊதுனாலும் எங்க உசுருதேன் போகுது" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பயந்த பயமெல்லாம் சிரிப்பாக மாறி, கேட்டில் அரைமணி நேரம் ஒரே சத்தம். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது உன் அண்ணனிடம் சொன்னேன். ஆவணிக்குப் பிறகு அவர் வாய் கோணாமல் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

முப்பத்தாறு என்று அடித்தேன், சங்கு நின்றது. மறுபடி 'ஷோ' கொடுத்தேன், வரம்பு 36 என்று காட்டியது. அதைத் தாளில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். நாளை கலப்பு தொடங்கலாமா? தொடங்கலாம் என்றால் வேலுச்சாமியிடம் வாயால் சொல்லி அனுப்பினால் போதும்.

நிறைய எழுத இருந்தது. கடைசி வேன் புறப்படப் போகிறது, போர்மேன் சுடலை மெயினை இறக்க என் தலைக்கு மேல் நிற்கிறார். விளக்கு அணைவதற்குள் முடிக்கிறேன்.

பொன்னுத்தங்கம்


விஸ்வநத்தம்,
18.3.2025, செவ்வாய்

யோகேஸ்வரிக்கு,

நீ தொடங்கலாம் என்று சொல்லி அனுப்பினாய், தொடங்கினோம். சனிக்கிழமை மேகமாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. நேற்று பதினொன்றரைக்குக் குருவம்மாள் மறுபடி என் முன்னால் வந்து நின்றாள். ஓடிப்போய் 'ஷோ' கொடுத்தேன். 60. நான் அடித்த முப்பத்தாறு எங்கே போனது? திரும்ப அடித்தேன், சங்கு உடனே ஊதியது. சாயந்தரம் வரை முப்பத்தாறாகத்தான் இருந்தது, மூன்று முறை பார்த்தேன். இன்று காலை வந்ததும் பார்க்கிறேன், மறுபடி அறுபது.

ராத்திரியில் யாரோ மாற்றுகிறார்கள். ஆபீஸ் சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒன்று என்னிடம், ஒன்று சுடலையிடம். எழுதவே கை கூசுகிறது. என் மாமனார் காலத்திலிருந்து இருக்கிறவர். ஆனால் பெட்டி வந்த நாள் முதல் அவருக்கு அதைப் பிடிக்காது. "ஏந்தோலுக்குத் தெரியாத சூடா இந்தப் பொட்டிக்குத் தெரிஞ்சிரும்?" என்று உன் அண்ணனிடமே கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை நான் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று பார்த்தவரும் அவர்தான்.

நீ விவரம் தெரிந்தவள். பெட்டி தானாக மாற்றிக்கொள்ளுமா, ஆள்தான் மாற்ற வேண்டுமா? நீ சொல்வதை வைத்துத்தான் நான் அவரிடம் பேச வேண்டும். கலப்பை மறுபடி நிறுத்திவிட்டேன்.

பொன்னுத்தங்கம்


விருதுநகர்,
19.3.2025

மதினிக்கு,

இந்த வகைப் பெட்டி தானாக ஒரு எண்ணை மாற்றாது. கட்டளை கொடுத்தால் மாறும், கொடுக்காவிட்டால் மாறாது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் மனிதர்கள் கைவைத்ததால் வந்தவை. கைவைத்தவர்களில் யாரும் தானாக ஒப்புக்கொண்டதில்லை.

சாவி யாரிடம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு, யார் என்று தெரியும்வரை அந்தப் பக்கம் வராமல் இருக்கச் சொல்வதுதான் முறை. நாலு பேர் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் தாட்சண்யம் பார்க்க முடியாது.

இன்னொரு 'ஷோ' கட்டளை எழுதியிருக்கிறேன். பெட்டி தன்னைப் பற்றி எல்லாவற்றையும் காட்டும், ஏழெட்டு வரி வரும். எதையும் விடாமல் பார்த்து எழுதி அனுப்புங்கள். எப்போது அடித்தீர்கள் என்று மணியையும் எழுதுங்கள்.

யோகேஸ்வரி


விஸ்வநத்தம்,
21.3.2025, வெள்ளி

யோகம்,

நேற்று காலை சுடலையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நீ எழுதியதைப் பார்த்துத்தான் சொன்னேன், ஆனாலும் சொன்ன வாய் என்னுடையது. சாவியை மேஜைமேல் வைத்தார். "சாயந்தரம் மெயின யாரு எறக்குவா?" என்று மட்டும் கேட்டார். நான் இறக்கிக்கொள்கிறேன் என்றேன். வேனில் ஏறாமல் ஆனைக்குட்டத்து வீட்டுக்கு நடந்தே போயிருக்கிறார், அந்த வெயிலில்.

அதிலிருந்து கம்பெனி கம்பெனியாக இல்லை. போர்மேன் இல்லாமல் கலப்பு கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் குருவம்மாள் உள்ளே போக மாட்டாள். இன்று காலை சுடலையின் மனைவி வெள்ளைத்தாய் வேனில் வந்து இறங்கினாள். சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "நேத்து அஞ்சர மணி ஆனதும் கஞ்சியப் பாதியில வச்சிட்டு எந்திரிச்சு நின்னுட்டாக. எங்க கெளம்பிட்டீகன்னு கேக்கேன், அவுகளுக்கே சொல்லத் தெரியல" என்றாள். அவ்வளவு சொல்லிவிட்டு அதே வேனில் திரும்பிப் போனாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இனி நீ கேட்டது. இன்று காலை எட்டே முக்காலுக்கு அடித்தேன். வந்த வரிகளை அப்படியே பார்த்து எழுதித் தனித்தாளில் வைத்திருக்கிறேன். வரம்பு 60. இப்போதைய சூடு 29. கடைசியில் ஒரு வரி, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் நேரம் 1 மணி 12 நிமிஷம் என்று இருக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். நேற்று சாயந்தரம் நாலரைக்கு முப்பத்தாறு என்று அடித்தேன். கடைசி வேன் கிளம்பியதும் மெயினை நானே இறக்கினேன், ஆபீஸை நானே பூட்டினேன். இரண்டு சாவியும் ராத்திரி முழுக்க என் பைக்குள்தான் இருந்தன. இன்று காலை ஏழரைக்கு முதல் வேன் வந்தபோது நானே திறந்து நானே மெயினை ஏற்றினேன். பார்த்தால் அறுபது. அப்படியானால் மாற்றியது யார்? நானா?

பொன்னுத்தங்கம்


விருதுநகர்,
22.3.2025, காலை ஆறு மணி

மதினி,

வேலுச்சாமி கீழே காத்திருக்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன். சுற்றி வளைக்க எதுவும் இல்லை.

மாற்றியது யாரும் இல்லை. தப்பு என்னுடையது.

நாம் 'செட்' என்று கொடுப்பதைப் பெட்டி கரும்பலகையில் எழுதுவதுபோல எழுதிக்கொள்ளும். கரண்ட் இருக்கும்வரை அது நிற்கும். கரண்ட் போனால் பலகை துடைத்துவிடப்படும். திரும்ப வரும்போது, செய்தவர்கள் வைத்த அறுபதிலிருந்து தொடங்கும். நாம் எழுதியது அழியாமல் நிற்க வேண்டுமானால் கடைசியில் 'சேவ்' என்று இன்னொரு கட்டளை கொடுக்க வேண்டும். அந்த வரியை நான் எழுதிக் கொடுக்கவில்லை.

எனக்குத் தெரியாததல்ல. முதல் வாரத்திலேயே வகுப்பில் சொல்லிக்கொடுப்பது. ஆனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பெட்டிகள் அணைவதே இல்லை, கரண்ட் போனாலும் பேட்டரி பார்த்துக்கொள்ளும். அதனால் அந்த வரி இல்லாமலே எனக்கு எல்லாம் நடந்துவந்தது. உங்கள் பழைய புரோகிராம் தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முப்பத்தாறு என்று பெட்டிக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் பெட்டி தினமும் மறப்பது நாலு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. புதுக் கம்ப்யூட்டரில் அதைச் சொல்ல ஆள் இல்லை.

ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம் என்பது நீங்கள் மெயினை ஏற்றியதிலிருந்து ஆன நேரம். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். சுடலை மெயினை இறக்க நிற்கிறார், விளக்கு அணைவதற்குள் முடிக்கிறேன் என்று பதினாலாம் தேதி நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். அன்று நான் அதில் எண்களை மட்டும் படித்திருக்கிறேன்.

நீங்கள் நான் எழுதியதை ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தீர்கள். அதனால்தான் தப்பு எங்கே இருக்கிறது என்று என்னால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னவள் நான். பார்க்காமலே, ஒரு மனிதரிடம் வேலைக்கு வர வேண்டாம் என்று உங்களைச் சொல்ல வைத்திருக்கிறேன். அண்ணன் கேட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். அண்ணன் நல்லதற்குக் கேட்டார் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை.

சுடலையிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். முழுக்க.

பிறகு தனித்தாளில் உள்ளபடி 'செட்' கொடுத்து, உடனே 'சேவ்' கொடுங்கள். மெயினை இறக்கி, நூறு எண்ணி, ஏற்றி, 'ஷோ' கொடுங்கள். 36 என்று வர வேண்டும். மறுநாள் காலையும் அதுவே வர வேண்டும். வந்தால் மட்டும் கலப்பு.

யோகேஸ்வரி


விஸ்வநத்தம்,
27.3.2025, வியாழன்

யோகம்,

முப்பத்தாறு. ஞாயிறு போக நாலு நாள் காலையும் பார்த்துவிட்டேன், முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தாறு, முப்பத்தாறு. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை உன் கடிதம் வந்ததும் அதே வேனைத் திருப்பி ஆனைக்குட்டத்துக்குப் போனேன். சுடலை வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. நான் நின்றுகொண்டே படித்தேன். தப்பு என்னுடையது என்று நீ எழுதிய இடம் வந்ததும், அதை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இது: "பொட்டிக்குத்தான் கேக்கத் தெரியாது. நீங்களாச்சும் என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்ல?"

வெள்ளைத்தாய்தான் காப்பி கொண்டுவந்து பேச்சை மாற்றினாள். குடித்து முடித்த பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ நாலு வருசமா தெனமும் சாயந்தரம் நாந்தேன் அதுக்குப் புத்திய மறக்கடிச்சிருக்கேனாக்கும். காலையில யாரோ எடுத்துக் குடுத்திருக்காக" என்றார். உன் கடிதத்தைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதனால் அது இப்போது என்னிடம் இல்லை.

கம்பெனிக்கு வந்ததும் நான் 'சேவ்' அடித்தேன். மெயினை அவர் இறக்கினார். நூறு எண்ண வேண்டும் என்றதும் குருவம்மாளும் மற்ற பெண்களும் சத்தமாகவே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். நூறானதும் ஏற்றினார். 'ஷோ' கொடுத்தேன். திரையில் 36 என்று வந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்குச் சங்கு தானாக ஊதியது. யாரும் எதுவும் அடிக்கவில்லை. நாலு பேரும் நடந்தே வெளியே வந்தார்கள். குருவம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். யாரோ காதைப் பொத்தியதற்கு, "ஊதட்டும் விடு, அதுக்கும் ரொம்ப நாளா வாயி கட்டிக் கெடந்துச்சில்ல" என்றாளாம்.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீ எழுதிய வித்தியாசம் உட்பட. பேசக் கொஞ்ச நேரம் ஆகும் அவருக்கு. "யோகம்ட்ட அந்தக் கையெழுத்துத் தாளக் கேக்காத" என்றார். கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். அப்புறம் சொன்னார்: "அவ வந்து பாக்கட்டும்."

நானும் அதையேதான் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் பேசாமல் போனதை இனிக் கேட்க மாட்டேன். முதல் கடிதத்தில் கேட்காததுபோல் ஒரு தரம் கேட்டிருக்கிறேன், அது போதும்.

மதினி


விருதுநகர்,
29.3.2025

மதினிக்கு,

நாலு காலையையும் தனித்தனியே எழுதியதற்கு நன்றி. கடிதத்தை வேலுச்சாமி முன்னாலேயே பிரித்தேன். படித்து முடித்ததும் அவர், நல்ல சேதிதானே அக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் அழுததை அவர் உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் சொல்வது உண்மைதான்.

ஆஸ்பத்திரியில் நான் பேசாமல் போனதற்குக் காரணம் கோபம் இல்லை. அண்ணன் கையைப் பார்த்த பிறகு எனக்குப் பேச வரவில்லை. இதை அப்போதே எழுதியிருக்கலாம்.

புதன்கிழமை கல்லூரி இல்லை. காலை முதல் வேனில் பெண்களோடு வருகிறேன். ஒரு இடம் வைக்கச் சொல்லுங்கள். போனை வாசலில் கொடுத்துவிடுகிறேன். பகலில் வீட்டுக்கு வந்து அண்ணனோடு சாப்பிடுகிறேன். குருவம்மாள் உள்ளே போவதற்கு முன் அந்த அறையையும் கம்பி வரும் வழியையும் நான் பார்க்க வேண்டும். சுடலையிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன், சொல்ல வேண்டியதையும் நேரில் சொல்கிறேன். கடிதத்தில் சொன்னது போதாது.

சாயந்தரம் கடைசி வேனுக்கு அப்புறமும் இருப்பேன். மெயினை அவர்தான் இறக்க வேண்டும், நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அன்று உங்கள் வீட்டில் தங்குகிறேன். மறுநாள் காலை அவர் ஏற்றியதும் 'ஷோ' நீங்கள் கொடுங்கள், எண்ணை நான் படிக்கிறேன்.

அந்தத் தாளை எடுத்து வையுங்கள். என் பேனாவைக் கொண்டுவருகிறேன். பார்த்த பிறகுதான் கையெழுத்து, அதில் மாற்றமில்லை.

யோகம்